தோட்டத்து வீட்டிலிருந்து இணையப் பி.ஆர். ஆலோசகர் ஆவது: தாள், காசு, நாள் கணக்கு

"ஏம்மா, உனக்கு ஐசி நீலம்தானே, எப்ப சிவப்பாச்சு?"

பி.ஆர். வேலை ஆரம்பித்திருக்கிறேன் என்று சொன்னதும் எங்கள் பெரிய மாமா கேட்டது இது. அவர் மேல் தப்பில்லை. குடிமக்களுக்கு நீல ஐசி (அடையாள அட்டை), நிரந்தரவாசிக்குச் சிவப்பு. தோட்டத்தில் பி.ஆர். என்றால் நிரந்தரவாசம்தான், அதற்காகப் பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தவர்கள் லயத்துக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். நான் சொன்ன பி.ஆர். மக்கள் தொடர்பு, அதிலும் இணையத்தில் நடப்பது. ஒரு கடையைப் பற்றியோ கிளினிக்கைப் பற்றியோ டியூஷன் சென்டரைப் பற்றியோ ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் வாட்ஸ்அப்பிலும் ஊர் என்ன பேசுகிறது என்று கவனித்து, அதற்கு என்ன பதில் சொல்லலாம், எப்போது வாயே திறக்கக்கூடாது என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்வது, சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பது.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். வேலையைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதுமாக இருந்தது. தாள்களைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது, ஏனென்றால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன்: முதலில் வாடிக்கையாளர், அப்புறம் பதிவு, அப்புறம் வங்கி, கடைசியில் ஒப்பந்தம். நீங்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கட்டுவதற்கு முன் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எதை விற்கிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

நம் ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போஸ்டர் செய்வதில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு போஸ்டர் 15 வெள்ளி, பத்துத் திருத்தம் இலவசம், இரவு 11 மணிக்கு "அந்தப் பூவைக் கொஞ்சம் பெருசாக்கு" என்று வாட்ஸ்அப். போஸ்டர் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை, அதற்கு ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை ஆலோசனை என்றால் பட்டியல் இப்படி இருக்க வேண்டும்: மாதாந்திர ஃபேஸ்புக் பேஜ் பொறுப்பு, கூகுள் விமர்சனங்களுக்குப் பதில், பத்திரிகைச் செய்தி, நெருக்கடி நேர உதவி. நான்கு போதும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால் ஆறு மாதம் பொறுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் சரக்கைக் குறைத்து எடை போடாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் மலாயில் ஐந்து வருடம், கூடவே தட்டுத் தடுமாறி ஆங்கிலம். இந்த மூன்று மொழியிலும் ஒரே விஷயத்தை ஒரே தொனியில் சொல்லத் தெரிந்த ஆள் கோலாலம்பூர் ஏஜென்சிகளிலேயே அதிகம் இல்லை. ஆனால் மலாய் எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும். பேச்சு மலாயில் அறிக்கை எழுதினால் ஒரு பத்திரிகையும் போடாது.

2. படிப்பும் சான்றிதழும்

சொந்தமாகச் செய்ய ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். போதும், பட்டம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பெரிய நிறுவனத்தில் சம்பளத்துக்குப் போக நினைத்தால் மட்டும் பட்டம் தேவைப்படும். நம் பக்கத்தில் கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புக்குத் தனிப் பட்டப்படிப்பே உண்டு. மற்றபடி கூகுளின் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி இரண்டிலும் இலவசமாகப் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் 1962-லிருந்து இருக்கிறது, உறுப்பினராகலாம், ஆனால் முதல் வருடத்தில் அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

1,500 வெள்ளிக்கு "ரெண்டே நாளில் டிஜிட்டல் பி.ஆர். நிபுணர்" என்று ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு நான் போனேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

வீட்டில் இணையம் சரியில்லை என்றால் உங்கள் வட்டாரத்தில் நாடி மையம் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பு பெடி என்று சொன்னார்களே, அதுதான். இணையமும் இருக்கும், பயிற்சியும் நடத்துவார்கள். எங்கள் தோட்டத்தில் லைன் எடுக்கும் ஒரே இடம் கோயில் அரசமரத்தடி. முதல் ஆறு மாதம் வீடியோக்களை அங்கே உட்கார்ந்துதான் ஏற்றினேன், கொசுவத்தி சகிதம்.

3. பதிவுக்கு முன் முகவரி

இதை யாரும் சொல்வதில்லை, நான் மாட்டிக்கொண்ட முதல் இடமும் இதுதான். தொழிலைப் பதிகிற எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுக்கு ஒரு வணிக முகவரி வேண்டும். தோட்டத்து வீடு உங்களுடையது அல்ல, தோட்ட நிர்வாகத்தினுடையது. அப்பா பென்ஷன் வயதைத் தொட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். அதைவிட முக்கியம், வங்கியில் முகவரிக்குச் சான்றாக மின்சார பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார்கள், தோட்டத்து வீட்டுக்கு அது நிர்வாகத்தின் பெயரில்தான் வரும், இல்லையென்றால் வரவே வராது.

நான் முதலில் தோட்ட முகவரியைப் போட்டுப் பதிந்துவிட்டு, வங்கியில் திரும்பி வந்து, பிறகு தாமானில் (பட்டணத்துக் குடியிருப்பில்) இருக்கும் அக்கா வீட்டு முகவரிக்கு மாற்றினேன். மாற்றுவதற்குத் தனி போரம், தனிக் கட்டணம், இன்னொரு நாள் அலைச்சல். உங்களுக்குத் தாமானில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதலிலேயே அதைப் போடுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் "இந்த முகவரியை இன்னார் வணிகத்துக்குப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்" என்று மலாயில் நாலு வரிக் கடிதமும் ஐசி நகலும் வாங்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து செய்யும்போது வெளியே பலகை மாட்டாதீர்கள். மாட்டினால் நகராண்மைக் கழக லைசென்ஸ் வேண்டும், பலகையில் மலாய் பெரிதாக இருக்க வேண்டும், அதற்கெல்லாம் கட்டணம். நம் தொழிலுக்குப் பலகையால் ஒரு வாடிக்கையாளரும் வரப்போவதில்லை.

4. எஸ்.எஸ்.எம். பதிவு

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். 18 வயதானவராக இருக்க வேண்டும். குடிமகனோ நிரந்தரவாசியோ பதியலாம். ஆக, மாமா சொன்ன சிவப்பு ஐசி வைத்திருப்பவரும் தாராளமாகப் பதியலாம். தற்காலிகவாசியின் பச்சை ஐசிக்கு முடியாது.

தேவையானவை: ஐசி, மின்னஞ்சல், கைப்பேசி எண், வணிக முகவரி, மூன்று பெயர் யோசனைகள், என்ன தொழில் என்று இரண்டு வரி விளக்கம். ஈசிபிஸ் இணையத்தளத்தில் கணக்குத் திறந்து வீட்டிலிருந்தே செய்யலாம், கையில் தாளோடுதான் நிம்மதி என்றால் ஈப்போ கவுண்டர்.

ஐசியில் உள்ள பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வணிக விவரத் தாளுக்கு 10 வெள்ளி, அதை விட்டுவிடாதீர்கள், சிஜிலைவிட (பதிவுச் சான்றிதழ்) அதைத்தான் எல்லா இடத்திலும் கேட்பார்கள். ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை கட்டலாம். முதலில் ஒரு வருடம் மட்டும் கட்டுங்கள், கைப்பேசியில் காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். காலாவதியானதை மறந்து தொழில் செய்தால் அபராதம் வரும்.

தொழில் விளக்கத்தில் "விளம்பரம்" என்று மட்டும் எழுதாதீர்கள். மக்கள் தொடர்பு, தகவல் தொடர்பு ஆலோசனை, இணைய உள்ளடக்கம், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒரு நிறுவனம் "உங்கள் பதிவில் ஆலோசனை என்றே இல்லையே" என்று கேட்டால் மறுபடி மாற்றக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். பதிவுக் கட்டணமே 1,000 வெள்ளி, அப்புறம் கம்பெனிச் செயலாளர், ஆண்டு அறிக்கை என்று வருடாவருடம் போய்க்கொண்டே இருக்கும். வேலைக்கு ஆள் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

5. வங்கிக் கணக்கு: இங்கேதான் எனக்கு ஐந்து மாதம் போனது

பட்டணத்து நிறுவனம் ஒன்று நம் வட்டாரத்தில் கிளை திறந்தபோது நான்கு பத்திரிகைச் செய்திகள் எழுதிக் கொடுத்தேன், 1,800 வெள்ளி. இன்வாய்ஸில் வணிகப் பெயர் போட்டேன், கீழே என் சொந்தச் சேமிப்புக் கணக்கு எண்ணைப் போட்டேன். 45 நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரே வரியில் பதில்: இன்வாய்ஸ் பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக இல்லை, திருத்தி அனுப்பவும். வங்கிக்கு ஓடினேன். அங்கேதான் அந்த மின்சார பில் கதை. வணிகக் கணக்குத் திறக்க மூன்று வாரம் ஆனது. புதுக் கணக்கு எண்ணோடு புது இன்வாய்ஸ் அனுப்பினால், புது இன்வாய்ஸ் தேதியிலிருந்து 60 நாள் என்று கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்மணி போனில் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மாதம் நான் அம்மாவிடம் கடன் வாங்கி டேட்டா போட்டேன்.

ஆகவே முதல் இன்வாய்ஸ் எழுதும் முன் கணக்கு திறந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: எஸ்.எஸ்.எம். சிஜில், வணிக விவரத் தாள், ஐசி, முகவரிச் சான்று, சம்மதக் கடிதம், சாப். ஆமாம், சாப். இந்தக் காலத்திலும் பெயரும் பதிவு எண்ணும் உள்ள ரப்பர் சாப் இல்லாமல் பாதி வங்கிகளில் போரமே வாங்கமாட்டார்கள். பட்டணத்தில் 25, 30 வெள்ளிக்குச் செய்து தருவார்கள். முதல் வைப்புத்தொகை வங்கிக்கு வங்கி மாறும், என்னிடம் 500 கேட்டார்கள். எந்த இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்று படம் கேட்டால் மேசை, மடிக்கணினி, சுவரில் மாட்டிய சிஜில் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் கைவசம் இருக்கட்டும்.

பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்க ஒரு ஃபைல் தயாராக வையுங்கள்: சிஜில், வணிக விவரம், ஐசி நகல், வங்கிக் கணக்கு அறிக்கையின் முதல் பக்கம், வரி எண். கேட்ட அன்றே அனுப்புகிறவரின் காசு முதலில் வரும்.

6. வரி, சொக்சோ, இபிஎஃப்

வரி எண் இல்லையென்றால் வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ் தளத்தில் எடுங்கள், இலவசம், ஐ.ஜி. என்று தொடங்கும். இ-இன்வாய்ஸ் நமக்கு எதற்கு என்று நினைப்போம், நம் அளவு சின்ன வியாபாரத்துக்குக் கட்டாயமில்லைதான், ஆனாலும் பெரிய வாடிக்கையாளர் தன் கணக்குக்காக உங்கள் வரி எண்ணைக் கேட்டே தீருவார்.

வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாக இதைச் செய்கிறவர்கள் கவனிக்க: தொழில் வருமானம் வந்துவிட்டால் நீங்கள் நிரப்ப வேண்டியது பி போரம், சம்பளக்காரர்கள் நிரப்பும் பி.இ. அல்ல. பி.இ.க்குக் கெடு ஏப்ரல் 30, பி போரத்துக்கு ஜூன் 30, மின்வழி நிரப்பினால் வழக்கமாக ஜூலை 15 வரை விடுவார்கள். ரிசிட்டுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் கடை ரிசிட் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

வேலையில் விபத்து நேர்ந்தால் உதவும் சுயதொழில் சொக்சோவில் மிகக் குறைந்த திட்டம் வருடத்துக்கு 157.20 வெள்ளி. விழா படமெடுக்க மோட்டார் சைக்கிளில் அலைகிற தொழில் இது, போட்டு வையுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான இபிஎஃப்பில் ஐ-சாரான் என்று சுயதொழில் செய்கிறவர்களுக்கு இருக்கிறது; 2025-லிருந்து நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது, வருடத்துக்கு 500 வெள்ளி வரை. அதாவது 2,500 போட்டால் 500. வேறு எங்கே கிடைக்கும்?

7. பேஜ் யாருடையது, விளம்பரக் காசு யாருடையது

"நீயே பேஜ் ஆரம்பிச்சிடும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முதலாளி சொல்வார். செய்யாதீர்கள். ஒரு கேட்டரிங்காரருக்கு நான் என் சொந்த ஃபேஸ்புக்கிலிருந்து பேஜ் திறந்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாரோ என் கணக்கில் நுழையப் பார்த்ததால் ஃபேஸ்புக் என்னைப் பூட்டிவிட்டது. 23 நாள். முறுக்கு ஆர்டர் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பேஜில் கேட்டுக் கேட்டுப் போய்விட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, அடுத்த வருடம் கூப்பிடவும் இல்லை.

சரியான வழி: முதலாளி, அல்லது அவர் மகனோ மகளோ, தங்கள் கணக்கில் பேஜ் திறக்கட்டும், முழு உரிமை அவர்களிடம் இருக்கட்டும். மெட்டாவின் வணிகக் கணக்கு வழியாக உங்களுக்குப் பங்காளி அனுமதி மட்டும் தரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கும்போதும் அப்படித்தான். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: சாலை, பெயர்ப்பலகை, பூட்டைத் திறப்பது, கல்லாப்பெட்டி, எல்லாம் ஒரே ஓட்டத்தில். முதலாளியே எடுத்தால்தான் பூட்டைத் திறக்க முடியும்.

விளம்பரத்துக்கு உங்கள் கார்டைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை 480 வெள்ளி என் கார்டில் போய், "லைக்கெல்லாம் வந்துச்சு, கஸ்டமர் வரலியே" என்று ஒருவர் திருப்பித் தரவேயில்லை. கொட்டேஷன் போடும்போது 8 விழுக்காடு சேவை வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 500 வெள்ளிக்கு விளம்பரம் போட்டால் 540 போகும்.

8. விலையும் ஒப்பந்தமும்

நம் பட்டணத்தில் நான் வாங்குவது: மாதப் பொறுப்பு 900 வெள்ளி, பத்திரிகைச் செய்தி ஒன்று, ஒரு மொழியில் 250, மூன்று மொழியில் 500, நெருக்கடி நாள் ஒன்றுக்கு 600. ஈப்போவுக்குப் போனால் கொஞ்சம் கூடும். முதல் வருடம் நான் மாதம் 350-க்குச் செய்தேன். அதை 900 ஆக்க இரண்டு வருடம் பட்ட பாட்டைப் பார்த்தால் முதலிலேயே 700 கேட்டிருக்கலாம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மாதம் எத்தனைப் பதிவு, எத்தனைத் திருத்தம் (நான் இரண்டோடு நிறுத்துகிறேன்), எத்தனை மணிக்குள் வாட்ஸ்அப்புக்குப் பதில், யார் ஒப்புதல் தருவார், 50 விழுக்காடு முன்பணம், மீதி எத்தனை நாளில், நிறுத்த விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. "யார் ஒப்புதல்" என்பதில் ஒரே ஒரு பெயர். அண்ணன் தம்பி மூன்று பேர் நடத்தும் கடையில் ஒருவர் சரி என்பார், ஒருவர் நிறத்தை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் பதிவையே எடுக்கச் சொல்வார்.

கோயில் திருவிழாவுக்கு இலவசமாகச் செய்வீர்கள், தெரியும், நானும் செய்கிறேன், மாட்டேன் என்று சொல்ல முடியுமா. செய்யுங்கள், ஆனால் தலைவர் கையெழுத்தோடு ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள். முதல் வாடிக்கையாளரிடம் காட்ட வேறு ஒன்றும் இருக்காது.

9. மாட்டிவிடும் சட்டங்கள்

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், மூன்றை மட்டும் மறக்காதீர்கள்.

மூலிகை எண்ணெய், சித்த மருந்து, லேகியம் விற்பவர்கள்தான் உங்களிடம் முதலில் வருவார்கள், நல்ல காசும் தருவார்கள். மருந்து விளம்பரத்துக்கு 1956-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வாங்கி, கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். கூடவே, நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, மலட்டுத்தன்மை உட்பட 20 நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரமே செய்யக்கூடாது. "சுகர் போயே போச்சு" என்று எழுதச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. பேஜை நடத்துகிறவர் யாரோ அவரே அதில் வந்ததை வெளியிட்டார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. 2021-ல் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித்தளத்துக்கு மத்திய நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது நினைவிருக்கும். இனம், மதம், அரண்மனை பற்றி ஒரு வரி கருத்தில் வந்தாலும் படம் எடுத்து வைத்துவிட்டு உடனே மறையுங்கள், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தொடர்பு பல்லூடகச் சட்டம் 233-வது பிரிவில் அபராதம் முன்பு 50,000 வெள்ளி, 2025 திருத்தத்துக்குப் பிறகு 5 லட்சம் வரை போகும்.

மூன்றாவது, வாடிக்கையாளர் எண்கள். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எழுதிப் போட்ட எண்களை எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப் தட்டுவது தனிநபர் தரவுச் சட்டத்துக்கு விரோதம். குலுக்கல் சீட்டிலேயே "தகவல் அனுப்பச் சம்மதம்" என்று ஒரு கட்டம் போடுங்கள்.

காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் வாங்கித் தரச் சொன்னால், முடியாது. கண்டுபிடித்தால் கூகுள் எல்லாவற்றையும் அழித்துவிடும், பழி உங்கள் மேல் விழும்.

10. தீப்பிடிக்கும் நாள்

மற்ற நாளெல்லாம் உங்களைப் பேஜ் பார்க்கிற பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். இந்த நாளில்தான் ஆலோசகர் என்று தெரியும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மதியம் 1.40-க்கு ஒருவர் ரசத்தில் கரப்பான்பூச்சி கிடப்பதை 17 விநாடி வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். 3 மணிக்குள் தாமான் குழுக்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி மகன் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தான்: "இது எங்கள் வளர்ச்சி பிடிக்காதவர்களின் சதி". அனுப்பவில்லை, நல்ல வேளை.

முதல் வேலை, கைப்பேசியை வாங்கி மேசையில் வைப்பது. இரண்டாவது, சமையல்கட்டுக்குப் போவது. எழுத உட்காராதீர்கள், போய்ப் பாருங்கள். வடிகால் மூடி உடைந்திருந்தது. ஆக, பூச்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது, சதி இல்லை. மூன்றாவது, வீடியோ எடுத்தவரை முதலாளியே நேரில் போய்ப் பார்ப்பது, இனிப்புப் பெட்டி இல்லாமல், கேமரா இல்லாமல். நான்காவது, சமையல்கட்டை அன்று மாலையே தாங்களாக மூடுவது. உணவுச் சட்டத்தின் 11-வது பிரிவில் சுகாதார அதிகாரிகள் 14 நாள் வரை மூடச் சொல்லலாம். அவர்கள் வரும்போது கழுவிக்கொண்டிருக்கும் சமையல்கட்டைப் பார்ப்பது நல்லதா, சோறு வடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பது நல்லதா?

அதற்குப் பிறகுதான் எழுத்து. 5.30-க்குப் போட்டது இவ்வளவுதான்:

"இன்று மதியம் எங்கள் கடையில் பரிமாறிய ரசத்தில் பூச்சி இருந்தது உண்மை. அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். சமையல்கட்டின் வடிகால் மூடி உடைந்திருந்தது. இன்று மாலை முதல் கடையை மூடி, மூடியை மாற்றி, பூச்சி மருந்து அடித்துச் சுத்தம் செய்கிறோம். நாளை மறுநாள் காலை 11 மணிக்குத் திறக்கும் முன், விரும்புகிறவர்கள் 10 மணிக்கு வந்து சமையல்கட்டைப் பார்க்கலாம்."

மலாயிலும் ஆங்கிலத்திலும் இதே வரிகள், இதே வரிசை. தமிழில் ஒன்று மலாயில் ஒன்று என்று கூட்டிக் குறைத்தால் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போடுவார்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்", "ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்ற வார்த்தைகளைத் தொடாதீர்கள். ஏற்பட்டிருந்தால் என்ன, ஏற்பட்டதுதானே. பத்து மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

11. பத்திரிகைக்கு அனுப்பும்போது

மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர், பெர்னாமாவின் தமிழ்ப் பிரிவு என்று எங்கே அனுப்பினாலும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் என்ன, எங்கே, எப்போது. தலைவர் உரையை மூன்றாவது பத்திக்குத் தள்ளுங்கள், தலைவர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள், டத்தோ, டான்ஸ்ரீ பட்டம் விடுபடக்கூடாது. நிகழ்ச்சி முடிந்த அன்றே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் மங்கிவிடும், மின்னஞ்சலில் இணையுங்கள். போடுவார்கள் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எழுதி அனுப்புவதற்குத்தான் காசு, வெளிவருவதற்கு அல்ல என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

12. காசு வராவிட்டால்

எல்லாத் தாளும் கையில் இருந்தாலும் ஒருவராவது இழுத்தடிப்பார். கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு இல்லாமல் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். இந்த மாதம் பதிந்தால், வங்கிக்கு மூன்று வாரம், முதல் வாடிக்கையாளருக்கு ஒரு மாதம், காசு கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் என்று வையுங்கள்.

கெடு தாண்டி 7-வது நாள் வாட்ஸ்அப், 14-வது நாள் மின்னஞ்சலில் இன்வாய்ஸ் மறுபடி, 30-வது நாள் பதிவு அஞ்சலில் கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், போரம் 198. சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் அவர் பதில் கொடுக்க வேண்டும். ஆறு வருடத்துக்குள் போட்டால் போதும் என்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஆறப்போடாதீர்கள், அதற்குள் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். போகும்போது ஒப்பந்தம், இன்வாய்ஸ், "ஓகேம்மா, அருமையா இருக்கு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மூன்றையும் தேதி தெரிகிற மாதிரி அச்செடுத்துப் போங்கள். எனக்கு அந்த மூன்றாவது தாளைக் காட்டியதும் வழக்குப் போடாமலே 1,200 வெள்ளி வந்தது, இரண்டு தவணையாக.